சான்றிதழ் கேட்காமல் செய்துகொடுங்கள்



இந்த அவையில் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருப்பவர்கள் பலர் இருக்கிறீர்கள். அதனால் நேராக நேர்காணல் அறைக்கே போய்விடுகிறேன். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். இந்தப் பக்கம் ஓர் இளைஞர், ஆட்டிசம் உள்ளவர். "உங்களைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க" என்கிறீர்கள். எதைச் சொல்வார்? ஊரையா, படிப்பையா, அப்பா செய்யும் வேலையையா? எதில் தொடங்கி எதோடு நிறுத்துவது என்று தெரியாமல் திகைக்கிறார். பார்வை மேசை மீதிருக்கும் பேனாவிலேயே நிற்கிறது. "முகம் பார்த்துப் பேச மாட்டேங்கறான், எதையோ மறைக்கிறான்" என்று முடிவு கட்டி அனுப்பிவிடுகிறோம். அவர் வந்ததோ பில்களைச் சரிபார்க்கும் வேலைக்கு. ஒரே ஒரு பில்லைக்கூட அவர் கையில் கொடுத்துப் பார்க்கவில்லையே, அய்யா!

டென்மார்க்கில் தோர்கில் சோன்னே என்பவர் இதை மாற்றிக் காட்டினார். தொலைத்தொடர்பு நிறுவனத்தில் நல்ல பதவியில் இருந்தவர். தன் மகனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்த பிறகு, 2004-இல் ஸ்பெஷலிஸ்டர்ன என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே வேலை கேட்டு வந்த ஆட்டிசம் உள்ளவர்களிடம் லெகோ ரோபோ பெட்டியைக் கொடுத்துச் செய்யச் சொன்னார்கள். அவர்கள் எப்படி யோசிக்கிறார்கள், எங்கே தடுமாறுகிறார்கள் என்பதை அவசரப்படாமல் கவனித்தார்கள். அப்படி எடுக்கப்பட்டவர்கள் மென்பொருள் சோதனை வேலையில் அமர்ந்தார்கள். 2013-இல் எஸ்ஏபி என்ற மென்பொருள் நிறுவனம் ஆட்டிசம் உள்ளவர்களை எடுக்கும் திட்டத்தை உலக அளவில் அறிவித்தது. அதற்கு முன்னோட்டம் நடந்த இடங்களில் ஒன்று நமக்குப் பக்கத்து பெங்களூரு.

இதைக் கேட்டதும் "ஆட்டிசம் என்றாலே கணக்கில் புலி" என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. மேதையாக இருந்தால்தான் வேலை தருவோம் என்பது என்ன நியாயம்? நம் அலுவலகங்களில் எல்லோரும் மேதைகளா? கிடங்கில் சரக்கு எண்ணலாம், நூலகத்தில் புத்தகம் அடுக்கலாம், பேக்கரியில் மாவு நிறுக்கலாம். சாதாரண வேலைக்கும் சாதாரணச் சம்பளத்துக்கும் அவர்களுக்கு உரிமை உண்டு.

வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அடுத்த பாடு. "நேரம் கிடைச்சா இதைக் கொஞ்சம் பாத்துருங்க" என்கிறார் மேலாளர். மாலைக்குள் முடித்துத் தா என்பது அதன் பொருள் என நமக்குத் தெரியும். சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்பவருக்கு நேரம் கிடைக்கவில்லை, அதனால் பார்க்கவில்லை. மாலையில் எல்லோர் முன்னாலும் திட்டு. "இந்தப் பட்டியலில் உள்ள தொகைகளை மாலை நான்கு மணிக்குள் சரிபார்த்து எனக்கு அனுப்புங்கள்" என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்திருந்தால் போதும். அந்த இரண்டு வரி பக்கத்து மேசைக்காரருக்கும் உதவியிருக்கும்.

எழுத்தைப் படிக்கச் சிரமப்படும் டிஸ்லெக்சியா உள்ளவருக்கு நான்கு பக்க மின்னஞ்சல் ஒரு மலை. அதையே போனில் சொல்லுங்கள், அல்லது கணினியை உரக்கப் படிக்க விடுங்கள். கவனம் எளிதில் சிதறும் ஏடிஹெச்டி உள்ளவரிடம் ஒரு மாத வேலையை மொத்தமாகக் கொடுக்காமல் வாரவாரம் பிரித்துக் கொடுங்கள். தலைக்கு மேல் மினுக்கும் டியூப்லைட்டும் ஓயாத ஏசி இரைச்சலும் சிலரை மதியத்துக்குள் சோர்ந்து விழச் செய்துவிடும். மூலையில் ஓர் இருக்கையும் காதை மூடும் ஹெட்போனும் கொடுத்தால், அதே ஆள் மாலை வரை தெளிவாக வேலை செய்வார். இதற்கெல்லாம் என்ன செலவு ஆகிவிடும்?

சட்டமும் இதைச் சொல்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், முன்பு 7 ஆக இருந்த குறைபாடுகளின் பட்டியலை 21 ஆக்கியது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அதில் சேர்ந்தன. ஏடிஹெச்டி அந்தப் பட்டியலில் இல்லை, அது ஒரு குறை. தனியார் நிறுவனமானாலும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். உங்களில் எத்தனை பேர் வெளியிட்டிருக்கிறீர்கள்?

2021-இல் தீர்ப்பு வந்த விகாஷ் குமார் வழக்கைச் சொல்லியே ஆகவேண்டும். எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பாதிப்பு உள்ளவர் அவர். குடிமைப் பணித் தேர்வில் சொல்வதை எழுத உதவியாளர் கேட்டார். சட்டம் வகுத்த 40 சதவீதக் குறைபாடு என்ற வரம்புக்குள் வரவில்லை என்று மறுத்தார்கள். உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 40 சதவீதம் என்பது இடஒதுக்கீட்டுக்கான அளவு, எழுத உதவியாளர் தருவதற்கு அதை நிபந்தனையாக்கக் கூடாது, நியாயமான வசதியை மறுப்பதே பாகுபாடு என்று தீர்ப்புச் சொன்னது.

அளவு பார்க்காமல் வசதி தர வேண்டும் என்று அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. நம் வீடுகளில் பல பேர் மாற்றுத்திறனாளி என்ற சான்றிதழே வாங்குவதில்லை. "வெளியே தெரிஞ்சா தங்கச்சி கல்யாணம் என்னாகும்" என்கிற பயம் அந்த வீட்டை ஆட்டிப்படைக்கிறது. சான்றிதழ் வாங்கியவரும் அலுவலகத்தில் காட்டப் பயப்படுகிறார், நாளை பதவி உயர்வில் கை வைப்பார்களோ என்று. பெண்களின் பாடு இன்னும் மோசம். சிறுவயதிலேயே "அடக்கமான பிள்ளை" என்று பாராட்டிவிட்டு யாரும் மருத்துவரிடம் காட்டுவதில்லை. மற்றவர்களைப் போலச் சிரித்து, பேசி, நடித்து, வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுகிறார்கள். அவர்களிடம் போய்ச் சான்றிதழ் கேட்டால், வேண்டிய வசதியைக் கடைசி வரை கேட்கவே மாட்டார்கள்.

ஆகவே முதலாளிமார்களே, மேலாளர்களே, உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை ஆள் எடுக்கும்போது, கேள்விகளைக் குறைத்து, செய்யப்போகும் வேலையில் ஒரு துண்டைக் கொடுத்துப் பாருங்கள். ஒருவர் "எனக்கு எழுதிக் கொடுங்கள்", "எனக்குச் சத்தமில்லாத இடம் கொடுங்கள்" என்று கேட்டால், ஏன் என்று துருவாமல் அன்றைக்கே செய்துகொடுங்கள்.