பொன்னினும் அரியது



பொன் துருப்பிடிப்பதில்லை, எளிதில் நிறம் மங்குவதுமில்லை. ஆகவே பொன்னாற் செய்த பொருள் நெடுங்காலம் நிலைக்கும் என்று நாம் எண்ணுகின்றோம். ஆனால், பொற்கூடு கொண்ட பழைய கைக்கடிகாரங்கள் பல அழிந்தமைக்குக் காரணம் அப்பொன்னேயாகும். அது எவ்வாறு என்பதையும், அவற்றைத் தேடிச் சேர்ப்போரும் செப்பனிடுவோரும் கைக்கொள்ள வேண்டிய நெறி யாது என்பதையும் சிறிது நோக்குவோம்.

விருந்துக்கும் சபைக்கும் செல்வோர், சட்டைக் கையினுள் அடங்குமாறு அணியும் மெல்லிய கடிகாரத்தை 'டிறெஸ் வாட்ச்' என்பர். இவ்வகைக்கு இலக்கணம் போன்றது, ஜெனீவா நகரின் பட்டேக் பிலிப் நிறுவனத்தார் 1932ஆம் ஆண்டில் வெளியிட்ட கலத்ராவா என்னும் கடிகாரம். அதன் குறுக்களவு ஏறத்தாழ 31 மில்லிமீற்றரே. அதே ஆண்டில் அந்நிறுவனத்தை வாங்கிய ஸ்ரேர்ண் சகோதரர், கடிகார முகப்புக்களைச் செய்து வழங்கிவந்தவர்கள். அவர்தம் சிறந்த முகப்புக்களில் எழுத்துக்கள் மேலே அச்சிடப்பட்டவை அல்ல. உலோகத்தில் வெட்டிய பள்ளத்தில் எனாமல் இட்டுச் சுட்டு அமைக்கப்பட்டவை. பல்லாண்டு கழிந்தும் அவை தெளிவாய் நிற்பதன் காரணம் இதுவே.

இனி, பொன்னைப் பற்றி ஒரு சொல். 24 கரட் பொன் மிக மென்மையானது. ஆதலின் ஆயிரத்தில் 750 பங்கு பொன்னும், எஞ்சியது செம்பு, வெள்ளி முதலியனவுமாகக் கலந்த 18 கரட் பொன்னே சிறந்த கூடுகளுக்குப் பயன்பட்டது. சுவிற்சர்லாந்தில் 1880ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின், 18 கரட்டுக்கு ஒரு பெண்ணின் தலையும் 14 கரட்டுக்கு ஓர் அணிலும் முத்திரையாயின. 1995ஆம் ஆண்டில் அவற்றின் இடத்தை நாய்த்தலை முத்திரை பெற்றது. கூட்டின் பின்மூடியைத் திறந்ததும் சேகரிப்போர் முதலில் நாடுவது இம்முத்திரையையே.

இக்கடிகாரங்களுக்குப் பகை இரண்டு. ஒன்று, மூசை. 1969ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் யப்பானின் செய்கோ நிறுவனத்தார் குவாட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டனர். அதன்பின், சாவி கொடுத்து ஓடும் கடிகாரத்தின் மதிப்புக் குன்றியது. 1970இல் அவுன்சு ஒன்று 40 டொலருக்கும் குறைவாயிருந்த பொன், 1980ஆம் ஆண்டு ஜனவரியில் 850 டொலராயிற்று. பழைய கடிகாரங்கள் தராசில் ஏறின. கூடு உருகிற்று, இயந்திரம் வீடற்றதாயிற்று.

மற்றைய பகை, மெருகு. ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் பொன்னில் ஓர் ஏடு கழிகின்றது. கூரிய விளிம்பு மழுங்குகின்றது, முத்திரை மறைகின்றது. கழிந்த பொன்னை மீட்டல் எளிதன்று. முகப்பைச் சுரண்டிப் புதிதாய் அச்சிடுவதும் இத்தகையதே.

அங்ஙனமாயின் எதனையும் தொடலாகாதோ? அன்று. இத்தகைய பழைய இயந்திரங்களிற் பல மணிக்கு 18,000 முறை துடிப்பவை. ஒரு நாளில் 4,32,000 துடிப்பு! உலர்ந்த எண்ணெயோடு ஓடவிட்டால் அச்சுக்கள் தேய்ந்துபோம். ஆகவே அதனைக் கழற்றிக் கழுவி, எண்ணெயிட்டு, தளர்ந்த சுருள்வில்லை மாற்றுதல் கடமையாகும். கழற்றிய பழைய உறுப்பை உரியவரிடம் ஒப்படைத்தல் நல்ல திருத்துநரின் மரபு. இயந்திரம் உழைப்பது, அதற்குப் புதுமை வேண்டும். முகப்பும் கூடும் சான்று கூறுவன. அவற்றுக்குக் காவலே வேண்டும்.

"பணம் செலவிட்டும் பழையதாகவே தோன்றுமாயின் பயன் யாது?" என்று வினவுவோர் உளர். ஏட்டுச்சுவடியைப் பதிப்பித்த நல்லறிஞர், செல்லரித்த இடத்தைத் தம் சொல்லால் நிரப்பி அதனைப் புலவர் வாக்கென்று கூறினாரல்லர், புள்ளியிட்டு விட்டனர். அந்நேர்மையே இங்கும் வேண்டப்படுவது.

பழைய நகையை அழித்துச் செய்வது நம்மிடையே வழக்கம். முன்னோர் அணிந்த பொற்கடிகாரம் ஒன்று உங்கள் பேழையில் இருக்குமாயின், அதற்கும் அவ்வழியை நாடுமுன் ஒரு கணம் சிந்தியுங்கள். பொன்னை எங்கும் வாங்கலாம். அன்று அதனைச் செய்த கைகளை எங்கும் வாங்க இயலாது.