கந்தைக்கும் ஒரு வரலாறு உண்டு
(சாம்பல்தீவில் மாதர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



மன்னர்தம் வாளையும் முடியையும் பொருட்காட்சிச்சாலையில் வைத்துப் போற்றுகின்றோம். பழஞ்சேலையை நாலாக மடித்து, ஓரந்தைத்து, மகவைக் கிடத்தினாளே தாய், அவள் கைவேலையை எங்கே வைத்தோம்? அடுப்படியிற் கரித்துணியாக்கினோம்! பெண்ணினத்தின் வரலாறு நம் கைக்கு எட்டாமற் போனதற்கு இதுவும் ஒரு காரணமன்றோ?

வங்க நாட்டைப் பாருங்கள். அங்குள்ள பெண்கள் கிழிந்த சேலைகளை அடுக்கித் தைப்பதைக் 'காந்தா' என்பர். நம் 'கந்தை' என்னும் சொல்லுக்கு அது உறவுச் சொல். தைக்கும் நூலுக்கும் அவர்கள் கடைக்குப் போகவில்லை. சேலைக் கரையிலிருந்தே உருவிக்கொண்டனர். தாமரையும் யானையும் தேரும் அந்நூலிலே மலர்ந்தன. மானதாசுந்தரி என்னும் பெண், தன் தந்தைக்கெனத் தைத்த காந்தாவிலே தன் பெயரையும் தைத்துவைத்தாள். கொல்கத்தாவை அடுத்த ஜோகாவில், குருசதய் தத்தர் பெயரால் அமைந்த அருங்காட்சியகத்தின் செல்வம் அது. ஏனைய எத்தனையோ காந்தாக்களைத் தைத்தவர் யாரென்று சொல்ல இன்று ஒருவருமில்லை.

கடல் கடந்தும் இதே கதைதான். ஹரியட் பவர்ஸ் என்னும் கறுப்பின மாது 1837இல் அமெரிக்காவின் ஜோர்ஜியாவில் அடிமையாகப் பிறந்தவர். விடுதலை பெற்றபின், விவிலியக் கதைகளைத் துணித்துண்டுகளால் 11 கட்டங்களில் அமைத்து ஒரு போர்வை தைத்தார். 1886இல் அது பொருட்காட்சியொன்றில் வைக்கப்பட்டது. கண்ட ஓவிய ஆசிரியை ஒருவர் விலை கேட்டார், ஹரியட் இசையவில்லை. பின்னர் வறுமை நெருக்கியது. ஐந்து டாலருக்கு விற்றார்! பெற்ற பிள்ளையைப் பிரிந்தவர்போல் பலமுறை சென்று அதனைப் பார்த்து மீண்டார். வாங்கியவர் ஒரு நற்செயல் செய்தார். ஒவ்வொரு கட்டத்தின் பொருளையும் ஹரியட் வாய்மொழியாகவே கேட்டு எழுதிவைத்தார். இன்று வாஷிங்டனில், ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அரும்பொருளாக அப்போர்வை விளங்குகின்றது. கேட்டு எழுத ஒருவர் இருந்தார். ஆதலால் அதன் பொருள் நமக்கும் எட்டியது.

நம் கரைக்கு வருவோம். போரினால் வீடு விட்டு ஓடினோம். 2004 டிசம்பர் 26இல் கடலே வீட்டுக்குள் வந்தது. உறுதியும் நிழற்படமும் போயின. ஆனால் மூட்டை கட்டிய பழஞ்சேலையொன்று சில வீடுகளிலேனும் மிஞ்சியிருக்கும். அது வெறுந்துணியா? எந்தச் சேலை கலியாணத்துக்கு எடுத்தது, எந்தத் துண்டு இறந்த மகனின் சாரம் என்பதைப் பாட்டி அறிவாள். அவள் கண்மூடினால் துணி ஊமையாகும்!

ஆகவே நாம் வேண்டுவது பெரிதன்று. இன்றிரவே வீட்டு முதியவளிடம் கேளுங்கள். அவள் சொல்வதைக் கொப்பியில் எழுதுங்கள். இனித் தைக்கும் ஒவ்வொன்றின் மூலையிலும் பெயரையும் ஆண்டையும் ஊரையும் தையுங்கள். ஊசி பிடிக்கத் தெரிந்த கைக்குத் தன் பெயரை எழுதவும் உரிமையுண்டு. அவ்வுரிமையை யாரும் தரவேண்டியதில்லை, நாமே எடுத்துக்கொள்வோம்.