கஸ்டர்பிரிட்ஜ் நகர முதல்வன்

கதைத் தலைவன் முதல் அத்தியாயத்திலேயே தன் மனைவியையும் குழந்தையையும் ஏலங்கூறி விற்றுவிடுகிறான். அத்தகையவன்மீது வாசகருக்குப் பரிவு உண்டாகுமாறு எஞ்சிய கதையை நடத்திச் செல்வது எளிய காரியமன்று. ஆங்கில நாவலாசிரியரான தோமஸ் ஹார்டி, 1886இல் வெளியான 'கஸ்டர்பிரிட்ஜ் நகர முதல்வர்' என்னும் நாவலில் அதனைச் சாதித்துக் காட்டினார்.

மைக்கல் ஹென்சார்ட் காய்ந்த புல்லைக் கட்டும் கூலியாள், வயது இருபத்தொன்று. வேலை தேடிச் செல்லும் வழியில் ஒரு சந்தைக்குள் நுழைகிறான். அங்கே கோதுமைக் கஞ்சி விற்பவள், காசு கொடுப்பவர்க்குக் கஞ்சியிலே களவாக றம் கலந்து கொடுக்கிறாள். வெறி ஏற ஏற, இளமையில் மணஞ் செய்ததே தன் வாழ்வைக் கெடுத்தது என்று ஹென்சார்ட் பிதற்றத் தொடங்குகிறான். பிதற்றல் ஏலமாக மாறுகிறது. நியூசன் என்னும் கப்பலோட்டி ஐந்து கினிகளை எண்ணி வைக்கிறான். மனைவி சூசன் மணமோதிரத்தைக் கழற்றிக் கணவன்மீது எறிந்துவிட்டுக் குழந்தையுடன் வெளியேறுகிறாள்.

மறுநாள் வெறி தெளிந்ததும் ஹென்சார்ட் ஓர் ஆலயத்துக்குச் சென்று, தான் வாழ்ந்த ஆண்டுகள் எத்தனையோ அத்தனை ஆண்டுகள், அதாவது இருபத்தொரு வருடங்கள், மதுவைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்கிறான். அதனைத் தவறாது காக்கவும் செய்கிறான். இங்கே நேயர்கள் சற்று நின்று கவனிக்கவேண்டும். மனைவியை விற்கத் துணிந்த மூர்க்கம் எதுவோ, அதுவே இந்தச் சத்தியத்தையும் செய்வித்தது. நிதானமுள்ள ஒருவன் மனைவியை விற்றிருக்கமாட்டான். இருபத்தொரு வருடங்களுக்குத் தன்னைக் கட்டிப்போட்டிருக்கவும் மாட்டான்.

ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகளின் பின் சூசன் திரும்பி வரும்போது, அவன் பெரிய தானிய வணிகன். கஸ்டர்பிரிட்ஜின் நகர முதல்வன். அவளுக்கு அனுப்பும் கடிதத்துடன் அவன் வைக்கும் பணம் சரியாக ஐந்து கினி. விற்ற விலைக்கே மீட்டுக்கொள்கிறான்! வாய்விட்டு மன்னிப்புக் கேட்க அறியாத மனிதன் கேட்ட மன்னிப்பு அது.

அவனிடம் வேலை செய்பவருள் ஏபல் விட்டில் என்றொரு அப்பாவி உண்டு. அதிகாலையில் எழுந்து வர இயலாதவன். ஒருநாள் ஹென்சார்ட் அவனைப் படுக்கையிலிருந்து எழுப்பி, காற்சட்டை அணியவும் விடாமல் வேலைக்குத் துரத்துகிறான். இதைவிட இழிவாக ஓர் ஏழையை நடத்தமுடியாது. ஆனால், முந்திய குளிர்காலம் முழுவதும் அந்த ஏபலின் கிழத்தாய்க்கு அடுப்பெரிக்க நிலக்கரி கொடுத்து உதவியவனும் இதே ஹென்சார்ட்தான்.

குணத்தையும் குற்றத்தையும் ஆராய்ந்து, மிகுதியானதைக் கொண்டு ஒருவரை மதிக்கவேண்டும் என்றார் வள்ளுவர். அது வினைக்கு உரியவரைத் தெரிந்து தெளிவதற்குச் சொன்ன வழி. ஹென்சார்டை ஒரு பதவிக்குத் தெரிவதானால் அத் துலாக்கோல் போதும்; அவனை எவரும் தெரியமாட்டார். ஆனால் அவனை அறிந்துகொள்வதற்கு அது போதாது. ஒரு தட்டிலே குணத்தையும் மறு தட்டிலே குற்றத்தையும் வைப்பதற்கு அவ்விரண்டும் அவனிடத்தில் பிரிந்து வருவதில்லை.

நீதிமன்றக் காட்சியைப் பாருங்கள். நீதவானாக அவன் அமர்ந்திருக்க, குற்றவாளியாக நிற்பவள் அந்தப் பழைய கஞ்சிக்காரி. மனைவியை விற்றவன் தனக்கு எப்படித் தீர்ப்புக் கூறலாம் என்கிறாள். அது கட்டுக்கதை என்று தள்ளிவிட மன்றத்தினர் ஆயத்தமாக இருக்கின்றனர். ஒரு சொல் மறுத்தால் மானம் தப்பும். ஹென்சார்டோ, அவள் சொல்வது உண்மையே என்று ஒப்புக்கொள்கிறான். தான் பழிவாங்கும் ஆசைக்கு ஆளாகிவிடக்கூடாது என்று ஆசனத்தை விட்டும் எழுந்து போகிறான்.

ஹார்டியின் மாந்தர் விதியின் கைப்பாவைகள் என்று பலர் எளிதாகக் கூறிவிடுவர். அறுவடைக் காலத்து வானிலையை நம்பி ஹென்சார்ட் வியாபாரத்தில் நட்டமடைந்தது விதியாக இருக்கலாம். தன்னிலும் நல்ல பெயர் எடுத்தான் என்ற பொறாமையால், உற்ற நண்பனான பார்பிறேயை வேலையிலிருந்து நீக்கியது விதியன்று.

அவன் செய்தவற்றுள் மிகக் கொடியது மனைவியை விற்றதுதானா? அன்று அவன் குடித்திருந்தான். பிற்காலத்தில் செய்த ஒன்றுக்கு அந்தச் சாக்கும் இல்லை. சூசனோடு வந்த எலிசபெத் ஜேன் தன் மகள் அல்லள், நியூசனின் மகள் என்று அறிந்தபோது அவளை வெறுத்து ஒதுக்கியவன், யாவும் இழந்த நிலையில் அவளையே உயிராக நேசிக்கத் தொடங்குகிறான். அவ்வேளையில், கடலில் மாண்டதாகக் கருதப்பட்ட நியூசன் மகளைத் தேடி வருகிறான். அவள் இறந்துவிட்டாள் என்கிறான் ஹென்சார்ட். நியூசன் நம்பிச் சென்றுவிடுகிறான். தெளிந்த அறிவோடு ஒரு தந்தைக்குச் சொன்ன பொய் அது. சந்தையிலே அவளுடைய தாயை அற்ப விலைக்கு விற்றவன், இங்கே அவளை இழக்க மாட்டாமல் பொய் சொல்கிறான். செயலை மன்னிக்க முடியாது. ஆயினும் இவ்விடத்திலேதான் வாசகர் அவனுக்கு மிக அண்மையில் நிற்கின்றனர்.

உண்மை வெளிப்பட்டபின், அவளுடைய திருமண நாளில் ஒரு பறவைக் கூண்டைப் பரிசாகக் கொண்டு வருகிறான். அவள் கடிந்துகொள்ளும்போது தனக்காக ஒரு சமாதானமும் கூறாமல் போய்விடுகிறான். புதர் ஓரமாக வைத்த கூண்டினுள் அந்தக் குருவி பட்டினியால் மடிகிறது.

எலிசபெத் ஜேன் பின்னர் கணவன் பார்பிறேயுடன் அவனைத் தேடிச் செல்லும்போது, ஒரு பாழ்குடிலில் அவன் உயிர் பிரிந்து அரை மணி நேரமே ஆகியிருந்தது. அருகில் நின்றவன் ஏபல் விட்டில். போ, போ என்று துரத்தியும் போகாமல் பின்தொடர்ந்து வந்து, கடைசிவரை பணிவிடை செய்திருந்தான். காற்சட்டையில்லாமல் ஓட்டிய காலையை அவன் பேசவில்லை. தன் தாய்க்கு அந்த மனிதர் நல்லவராக இருந்தார், அதனால் வந்தேன் என்றான்.

கட்டிலின் தலைமாட்டில் ஒரு காகிதம் குத்தப்பட்டிருந்தது. தனக்காக மணி அடிக்கவேண்டாம், கல்லறையில் மலர் நடவேண்டாம், எவரும் தன்னை நினைக்கவும் வேண்டாம் என்று ஹென்சார்ட் எழுதியிருந்தான். ஏபலுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. அதை எடுத்து வந்து அவர்களிடம் கொடுத்தான்.