நாளும் நன்றியும்

(இராயப்பன்பட்டித் திருக்கோயில் விழாவில், அப்பூதியடிகள் குருபூசையாகிய தைச் சதயத்தன்று ஆற்றிய சொற்பொழிவு)

திருச்சிற்றம்பலம்.



ஒருபுறம் குமுளி மலையும் மறுபுறம் மேகமலையும் காவலாய் நிற்க, நடுவே நெல்லும் வாழையும் திராட்சையும் செழிக்கும் கம்பம் பள்ளத்தாக்கில், சண்முகாநதி அணையைத் தன்பால் கொண்ட இவ்வூரில், உங்கள் திருமுன் நிற்கும் பேறு எமக்கு இன்று வாய்த்தது. ஒரே நாளில் நேர்ந்த வரலாற்று நிகழ்ச்சிகளைப் பற்றிப் பேசுக என்று விழாக் குழுவினர் பணித்தனர். அப்பொருளை அவர்கள் ஏன் தேர்ந்தனர் என்பதை நாம் எல்லோரும் அறிவோம். இப்பள்ளத்தாக்கில் பொங்கல் பானை ஏறும் வேளையில், முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக்கின் பிறந்த நாளும் உடன் கொண்டாடப்பெறுகிறது. இரண்டும் ஒன்றாய் வருவதன் பொருள் யாது? இதுவே இன்றைய வினா. இவ்வினாவில் யாம் ஒருமுறை வழுக்கி விழுந்தோம். அதனையும் இன்று மறையாது கூறுவோம்.

முதற்கண் நம் சமய வரலாற்றைப் பார்ப்போம். அடியார்களின் குருபூசைகளை நாம் திங்களும் விண்மீனும் கொண்டு போற்றுகிறோம். வைகாசி மூலம் திருஞானசம்பந்தப் பெருமானின் நாள் என்பது யாவரும் அறிந்ததே. அதே மூலம் திருநீலநக்க நாயனாருக்கும், திருநீலகண்ட யாழ்ப்பாணருக்கும், முருக நாயனாருக்கும் உரிய நாளாம். ஒரே நாளில் நால்வர் குருபூசை! இது எங்ஙனம் நேர்ந்தது? ஆச்சாள்புரம் என இன்று வழங்கும் நல்லூர்ப் பெருமணத்தில் சம்பந்தப் பெருமானின் திருமணம் நிகழ்ந்தது. வேள்விச் சடங்கை முன்னின்று நடத்தியவர் நீலநக்கர். பதிகங்களை யாழில் இட்டு உடன் திரிந்தவர் யாழ்ப்பாணர். நட்புரிமையால் வந்திருந்தவர் முருகர். சோதி தோன்றிற்று, பெருமானுடன் அவர்களும் அதனுட் புகுந்தனர். ஆதலின் நாளும் ஒன்றாயிற்று.

ஆடிச் சுவாதியும் அத்தகையதே. சுந்தரமூர்த்தி நாயனார் வெள்ளானையின்மீது கயிலைக்கு எழுந்தருள, பிரிவாற்றாத தோழராகிய சேரமான் பெருமாள் குதிரையேறிப் பின்தொடர்ந்தார். இருவர்க்கும் குருபூசை ஒரே நாளில்! இங்கெல்லாம் நாள் ஒன்றானதற்குக் காரணம் நன்கு விளங்குகிறது. அன்பு ஒன்றாயிருந்தது, வழி ஒன்றாயிருந்தது, ஆகவே நாளும் ஒன்றாயிற்று.

இனி உலக வரலாற்றுக்கு வருவோம். சனவரி 15 என்னும் ஒரு தேதியை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1759-ஆம் ஆண்டு அத்தேதியில் இலண்டன் மாநகரில் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் மக்களுக்குத் திறக்கப்பட்டது. 1841-இல் பூனா நகரில் ஜான் பென்னிகுவிக் பிறந்தார். 1929-இல் அமெரிக்க நாட்டில், கருநிற மக்களின் உரிமைக்காக அறவழியில் போராடி உயிர் துறந்த மார்ட்டின் லூதர் கிங் பிறந்தார். 1934-இல் பீகாரிலும் நேபாளத்திலும் நிலம் நடுங்கிப் பல்லாயிரவர் மாண்டனர். 1949-இல் கரியப்பா இந்தியப் படையின் தலைமையை ஏற்றார். இந்தியர் ஒருவர் அப்பொறுப்பை ஏற்றது அதுவே முதன்முறை. அந்நாளே இன்றும் இராணுவ நாளாகக் கொண்டாடப்பெறுகிறது.

இவற்றுள் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உறவு யாது? யாதொன்றும் இல்லை. ஆண்டுக்கு நாட்களோ 365. உலகில் நிகழ்ச்சிகளோ எண்ணிறந்தன. ஒரே தேதியில் பல வந்து விழுவது வியப்பன்று. விழாதிருப்பின் அன்றோ வியப்பு! ஆயினும் மனித மனம் தற்செயலைத் தற்செயல் என்று விட்டுவிட இசைவதில்லை. அதனுள் இறைவன் ஏதோ எழுதியிருப்பதாகப் படிக்க முயல்கிறது.

பீகார் நிலநடுக்கத்தையே காண்க. அப்பொழுது தமிழ்நாட்டில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்த காந்தியடிகள், தீண்டாமை என்னும் பாவத்துக்கு இறைவன் அளித்த தண்டனை அது என்று திருநெல்வேலியில் பேசினார். தீண்டாமையை வெறுப்பதில் தாகூர் சற்றும் குறைந்தவர் அல்லர். எனினும், இயற்கையின் நிகழ்ச்சிக்கு இவ்வாறு பொருள் கூறுவது தகாது என்று மறுத்து எழுதினார். அம்மறுப்பைக் காந்தியடிகள் தம் இதழிலேயே வெளியிட்டார். இருபெரும் சான்றோரும் இதில் நமக்குப் பாடம் ஆகின்றனர். இறைவன் திருவுள்ளத்தை எடுத்துரைக்கும்போது நாவை அடக்கல் வேண்டும். மறுப்பு வருமாயின் செவியைத் திறத்தல் வேண்டும்.

அன்பர்களே! சில ஆண்டுகட்கு முன், இப்பள்ளத்தாக்கின் வேறோர் ஊரில், பொங்கல் விழா மேடையில் யாம் பேசினோம். "உழவர்க்கு நீர் தந்தவரை உழவர் திருநாளிலேயே பிறப்பித்தான் இறைவன், பொங்கல் பொங்கிய வேளையில் பூனாவில் குழந்தை அழுதது" என்று குரலை உயர்த்திக் கூறினோம். கைதட்டல் அடங்க நெடுநேரம் ஆயிற்று. எமக்கும் உள்ளத்தில் சிறிது பெருமிதம் தோன்றாமல் இல்லை.

கூட்டம் கலைந்தபின், ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் கைகூப்பியபடி வந்தார். "ஐயா, தவறாக எண்ணிவிடாதீர்கள். ஓர் ஐயம். விவேகானந்தர் மகர சங்கராந்தியன்று பிறந்தவர் என்று அவர் வரலாற்றில் படித்திருக்கிறேன். தேதி 1863 சனவரி 12. அந்நாளில் பொங்கல் 12-ஆம் தேதி என்றால், அதற்கும் முன்னே 1841-இல் அது 15-ஆம் தேதி எப்படி ஆகும்?" என்றார்.

எமக்கு மறுமொழி இல்லை. அவர் அதனை மேடையருகே நின்று உரக்கக் கேட்டிருக்கலாம்; கேட்கவில்லை. எம் மதிப்பைக் காத்துத் தனியே கேட்டார். அப்பண்பே எம்மை மிகவும் நாணச் செய்தது.

ஊர் திரும்பியதும் கணக்கை ஆராய்ந்தோம். கதிரவன் மகர இராசியில் புகும் வேளையைக் கொண்டு நாம் தைத் திங்களைத் தொடங்குகிறோம். நம் பஞ்சாங்க ஆண்டு, கதிரவன் விண்மீன்களிடையே ஒரு சுற்று முடிப்பதைக் கொண்டு அமைவது. ஆங்கில ஆண்டோ பருவங்களின் சுழற்சியை ஒட்டியது. இவ்விரண்டுக்கும் ஆண்டொன்றுக்கு இருபது நிமிடங்களுக்குச் சற்று மேற்பட்ட வேறுபாடு உண்டு. சிறு துளிபோன்ற அவ்வேறுபாடு சேர்ந்து சேர்ந்து, அறுபது எழுபது ஆண்டுகளில் ஒரு முழு நாளாகிவிடுகிறது. ஆகவே தை முதல் நாள் ஆங்கிலத் தேதிகளிடையே மெல்ல மெல்லப் பின்னே நகர்கிறது. நம் காலத்தில் அது சில ஆண்டுகளில் 14-ஆம் தேதியும், சில ஆண்டுகளில் 15-ஆம் தேதியும் வருகிறது. 1841-இலோ பொங்கல் கழிந்து மூன்று நான்கு நாட்கள் சென்ற பின்னரே பென்னிகுவிக் பிறந்தார். அவர் பிறந்தபோது எந்தப் பொங்கற் பானையும் பொங்கவில்லை! யாம் மேடையில் கூறியது அழகாயிருந்தது, உண்மையாயில்லை.

இறைவன் சந்நிதியில் நின்று பேசுவோர்க்கு அழகினும் உண்மையே முதற்கடமை. மேடையில் செய்த பிழையை மேடையிலேயே திருத்துதல் முறை. அதனை இன்று இச்சந்நிதியில் செய்தோம். அவ்வாசிரியப் பெருந்தகை எங்கிருப்பினும் எம் வணக்கம் அவருக்கு உரியதாகுக.

வேறொன்றும் கூறுவோம். கிறித்தவப் பெருமக்கள் புனித பீட்டரை இராயப்பர் என்று தமிழில் வழங்குவர். பென்னிகுவிக் 1911 மார்ச்சு 9-ஆம் நாள் மறைந்து, இங்கிலாந்தில் பிரிம்லி என்னும் ஊரில் புனித பீட்டர் ஆலயத்து மண்ணில் துயில்கிறார். நம் ஊரோ இராயப்பன்பட்டி! பழைய நாவாயிருப்பின் இதிலும் ஒரு தெய்வச் செயலைக் கண்டு முழங்கியிருப்போம். இப்பொழுது இது பெயர் ஒற்றுமை என்று கூறி, சிரித்து, அமைகின்றோம்.

அங்ஙனமாயின் நம் பள்ளத்தாக்கு மக்கள் செய்வது வீணோ? இல்லை, இல்லை. இங்கேதான் இன்றைய குருபூசை நமக்கு வழிகாட்டுகிறது.

திங்களூர் அப்பூதியடிகள் திருநாவுக்கரசு நாயனாரைக் கண்டவர் அல்லர். அவர் பெருமையைக் கேட்டவர் மட்டுமே. கேட்ட அளவிலே தம் மக்களுக்கு அவர் பெயரை இட்டார். வழிநடப்போர் நா வறண்டு வாடாவண்ணம் தண்ணீர்ப் பந்தல் அமைத்து, அதற்கும் அப்பெயரையே இட்டார். நாவுக்கரசரே அவ்வழி வந்து, "நும் பெயரை இடாது வேறொருவர் பெயரை இட்டது ஏன்?" என்று வினவியபோது, கேட்டவர் இன்னார் என்றறியாமல் வெகுண்டார். நாவுக்கரசரின் குருபூசை சித்திரைச் சதயம். அடிகளின் குருபூசை தைச் சதயம். விண்மீன் ஒன்று. ஆயினும் விண்மீன் ஒன்றானதால் அன்பு பிறக்கவில்லை. அன்பு பிறந்தமையால்தான் அவ்விரு பெயர்களையும் நாம் பிரிக்க இயலாமல் சேர்த்து நினைக்கிறோம்.

நாயன்மாரோடு ஒரு பொறியாளரை ஒப்பிடுகின்றோம் என்று எண்ணற்க. நன்றி காட்டும் முறையையே ஒப்பிடுகின்றோம். 1876-ஆம் ஆண்டையொட்டி வந்த தாது வருடப் பஞ்சம் தென்னாட்டைச் சுட்டெரித்தது. மேற்கே கடலுக்கு ஓடும் பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்ப வேண்டும் என்னும் பழைய எண்ணம் அதன்பின் வலுப்பெற்றது. 1886 அக்டோபர் 29-ஆம் நாள் திருவிதாங்கூர் அரசோடு 999 ஆண்டுகளுக்குக் குத்தகை உடன்படிக்கை ஆயிற்று. மறு ஆண்டு பணி தொடங்கியது. காட்டாற்று வெள்ளம் கட்டியதை அடித்துச் சென்றது, மீண்டும் கட்டினர். சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும் கொண்டு எழுந்த அணை 1895 அக்டோபரில் திறக்கப்பட்டது. மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே நீர் நம் பக்கம் இறங்கிற்று. அந்நீரால் இன்று இப்பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. வைகை வழியே மதுரையும் சிவகங்கையும் இராமநாதபுரமும் பயன்பெறுகின்றன.

பென்னிகுவிக்கைக் கண்ணால் கண்டவர் நம்மில் ஒருவரும் இல்லை. ஆயினும் இப்பகுதியில் பிள்ளைகட்கு அவர் பெயர் இடப்படுகிறது. கடைகளில் அப்பெயர் எழுதப்படுகிறது. வீடுகளில் அவர் படம் தொங்குகிறது. பாலார்பட்டியில் அவர் பிறந்த நாளில் ஊரே கூடிப் பொங்கலிடுகிறது. லோயர்கேம்பில் அவர் மணிமண்டபம் 2013 சனவரி 15-ஆம் நாளிலேயே திறக்கப்பட்டது. அப்பூதியடிகளின் திங்களூர் இப்பள்ளத்தாக்கிலும் இருக்கிறது அன்றோ! வானக் கணக்கு இரண்டு நாட்களை அருகருகே கொணர்ந்தது, அது தற்செயல். அவ்விரண்டையும் ஒரே பானையில் பொங்கியவர்கள் நீங்கள், அது நன்றி. இன்னும் இருநூறு ஆண்டுகள் சென்றால் பொங்கல் அத்தேதியைக் கடந்து அப்பால் போய்விடும். அப்பொழுது நாள் பிரியும், நன்றி பிரியலாகாது.

நிறைவாக ஒன்று. நாள் உடையோரைப் பற்றியே இதுவரை பேசினோம். நாள் இல்லாதோரும் உளர். அவ்வணையைக் கட்டும் பணியில் நோயால் மட்டும் 483 பேர் மாண்டனர் என்பது கணக்கு. அணையருகே காட்டு மண்ணில் அவர்கள் அடக்கம் செய்யப்பட்டனர். கல் சுமந்தோர், சுண்ணாம்பு அரைத்தோர், குளிர்காய்ச்சலில் நடுங்கியபடி வேலை செய்தோர்! அவர்கள் பிறந்த நாளை எந்த ஊர் கொண்டாடுகிறது? இறந்த நாளில் எவர் விளக்கேற்றுகிறார்?

சைவம் இத்தகையோரை மறக்கக் கற்பிக்கவில்லை. சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் தனியடியார் பெயர்களைப் போற்றியதோடு அமையாது, தொகையடியாராக ஒன்பது கூட்டத்தாரையும் வணங்கினார். பெயரும் ஊரும் நாளும் நமக்குத் தெரியாத அடியார்க்கெல்லாம் அங்கு இடம் உண்டு. பெயரறியாதோர்க்கும் வணக்கம் உண்டு என்னும் அப்பெருநெறியை நாமும் கைக்கொள்வோம்.

தாய்மார்களே! அடுத்த பொங்கலன்று பானையில் அரிசியிடும்போது, கதிரவனுக்கு ஒரு பிடி, மாட்டுக்கு ஒரு பிடி, அணை தந்தவர்க்கு ஒரு பிடி என எண்ணி இடுவீராக. அதன்பின் நாளும் பெயரும் இல்லாத அந்த 483 பேருக்காக இன்னும் ஒரு பிடி இடுங்கள். அப்பொங்கலை முதலில் பசித்த ஒருவர்க்குக் கொடுங்கள். உழவர் பெருமக்களே! அவர்கள் உயிர் கொடுத்துக் கொணர்ந்த நீரில் குப்பையைக் கொட்டாதீர்கள். கடைமடை வயலுக்கு உரிய பங்கைத் தலைமடையில் மறிக்காதீர்கள். அவர்கட்கு நாம் செய்யத்தக்க குருபூசை அதுவே.

நாட்கள் நகரும், நன்றி நிற்கும். அதனை நிறுத்தும் உள்ளத்தை அம்மையப்பன் நமக்கு அருள்வானாக.

திருச்சிற்றம்பலம்.