ஏலவார்குழலி என்னும் திருப்பெயர்



காஞ்சித் திருவேகம்பத்தில், பங்குனி உத்திரப் பெருவிழாவில், ஏகாம்பரநாதரின் திருக்கரம் பற்றும் அம்மையின் திருப்பெயர் ஏலவார்குழலி. வாயாரச் சொல்லும் இப்பெயரின் பொருளைக் கேட்டால் பலர் தயங்குகின்றனர். ஏலம் என்றதும் விலைகூறி விற்கும் ஏலமே இக்காலத்தார் நினைவுக்கு வருகிறது. அது போர்த்துகீசிய மொழிவழி பிற்காலத்தில் வந்து சேர்ந்த சொல். அம்மையின் பெயருக்கும் அதற்கும் தொடர்பில்லை.

செந்தமிழில் ஏலம் என்பது கூந்தலுக்குப் பூசும் நறுமணச் சாந்து. வார் என்பது நீட்சியைக் குறிக்கும். வார்தல் என்னும் உரிச்சொல் நேர்மையும் நெடுமையும் உணர்த்தும் என்பது தொல்காப்பியர் கருத்து. எனவே, மணங்கமழும் நீண்ட கூந்தலை உடையவள் என்பதே பொருள்.

இவ்வாறு மலரோடும் மணத்தோடும் சேர்த்துக் கூந்தலைப் போற்றும் அடைமொழிகள் தமிழகத் திருக்கோயில்கள் பலவற்றில் உள்ளன. திருச்சிராப்பள்ளியில் அம்மை மட்டுவார்குழலி. மட்டு என்பது தேன், மணம் என இருபொருளும் தரும். திருவாலங்காட்டில் வண்டார்குழலி, வாட்போக்கியில் சுரும்பார்குழலி. சுரும்பும் வண்டே. ஆர்தல் என்பது நிறைதல், ஒலித்தல் ஆகிய இருபொருளும் உடையது. பூவென்ற சொல் இப்பெயர்களில் இல்லை. ஆயினும் வண்டு மொய்க்கிறது என்றால் அங்கே தேன் துளிக்கும் புதுமலர் உண்டு என்பது சொல்லாமலே விளங்கும்.

கூந்தலின் மணம் இயற்கையா, செயற்கையா என்று மதுரைச் சங்கத்தில் எழுந்த வழக்கைத் திருவிளையாடற் புராணம் விரித்துரைக்கிறது. காளத்தி ஞானப்பூங்கோதையின் கூந்தலுக்கும் மணம் மலரால் வந்ததே என்று நக்கீரர் சாதித்தார். பூங்கோதை என்பதும் மலர் அணிந்த கூந்தலை உடையவள் எனப் பொருள்படும். அன்பரோ இதனை வேறாகக் காண்பர்: சாந்தால் குழல் மணக்கவில்லை, அம்மையின் குழலைச் சேர்ந்ததால் சாந்து மணம் பெற்றது.

இத்திருப்பெயரின் அருமையைச் சுந்தரர் வரலாறு நன்கு காட்டும். சங்கிலியாருக்குச் செய்த சபதம் தவறி, ஒற்றியூர் எல்லை கடந்ததும் இருகண் பார்வையும் இழந்தார் அவர். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் பெற்றார். தடுமாறி நடந்து காஞ்சி சேர்ந்து வேண்ட, ஏகம்பர் இடக்கண்ணை அருளினார். கண் பெற்ற களிப்பில் பாடிய ஏழாம் திருமுறைப் பதிகத்தில், இறைவனை வழிபட்ட உமையை முதற்பாடலில் ஏலவார்குழலாள் என்றே சுந்தரர் போற்றுகிறார்.

காஞ்சிப் பட்டின் நிறமும் சரிகையின் ஒளியும் கண்ணுடையார்க்கே புலனாகும். மணமோ கண்ணிழந்தாரையும் நாடிச் சென்று சேரும். அம்மையின் அருளும் அத்தகையது. அதனை அடியார் தேடிக் காணுமுன் அதுவே அடியாரை வந்து அடைகிறது. அதைத்தான் ஏல என்னும் சிறு அடைமொழி உணர்த்துகிறது.

ஆகவே அன்பர்களே, திருமுன் நின்று இப்பெயரைச் சொல்லும்போது பொருளறிந்து, சொற்களைச் சிதைக்காமல் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கும் பொருள் சொல்லிக் கொடுங்கள். பொருளுணர்ந்து சொல்லும் ஒரு பெயரே அம்மைக்குச் சாத்தும் நறுமலராகும்.

ஏலவார்குழலி திருவடி போற்றி!