எட்டாத நட்டும் எட்டும் கருவியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆயுத பூசையன்று எமது ஊர் மோட்டார்ப் பட்டறைகளில் ஸ்பனருக்கும் குறட்டுக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டு வணங்குகின்றோம். அக்கருவிகளுட் சில கடையில் வாங்கியவை அல்ல. ஒன்று வளைந்திருக்கும், ஒன்று பாதியில் வெட்டப்பட்டிருக்கும், ஒன்று தகடுபோல் மெலிந்திருக்கும். அவற்றைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகின்றோம்.

1990 இல் வடபகுதி மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடை, வன்னியில் 2002 வரை நீடித்தது. எரிபொருளும் மின்கலமும் உதிரிப் பாகங்களும் அரியவாயின. அக்காலத்தில் மக்களுக்குக் கைகொடுத்தவை பழைய மொறிஸ் மைனரும், "ஏ போட்டி" என நாம் அழைக்கும் ஒஸ்ரினுமே. சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டினர். நோயாளியும் பிரசவ வேதனையுற்ற தாயும் அவற்றிலேயே வைத்தியசாலைக்குச் சென்றனர். ஒரு நட்டுக் கழலாது வண்டி நின்றால் ஓர் உயிரும் நடுவழியில் நின்றது. அந்நாளில் நாம் பிறக்கவில்லை. பெரியோர் சொல்லக் கேட்டறிந்தோம்.

அந்த நட்டுக்களின் தொல்லை இருவகைப்படும். முதலாவது, அளவு. பழைய பிரித்தானிய வண்டிகளிற் பல விற்வேர்த் முறையைச் சார்ந்தவை. அம்முறை ஸ்பனரில் உள்ள எண் போல்ட்டின் பருமனைக் குறிக்கும். தலையின் அகலத்தை அன்று. 1948 இல் பிரித்தானியா, அமெரிக்கா, கனடா ஆகிய மூன்று நாடுகளும் பொதுத் திருகுமுறை ஒன்றுக்கு உடன்பட்டன. அதன்பின் வந்த ஸ்பனர்கள் தலையின் அகலத்தையே அங்குலத்திற் கூறின. இன்று எம் கையில் இருப்பதோ மில்லிமீற்றர் ஸ்பனர். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீற்றர். எனவே 12 நுழையாது. 13 சற்றுத் தளரும். தளர்ந்த ஸ்பனர் துருப்பிடித்த நட்டின் முனைகளை மழுக்கிவிடும்.

இரண்டாவது, இடம். மொறிஸ் மைனரின் பிறேக் மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடித் தட்டின் கீழ், சட்டத்தினுள் ஒளிந்திருக்கின்றது. அதனைப் பிடித்திருக்கும் இரு நீண்ட போல்ட்டுக்களை வெளியே இழுக்க முயன்றால், முன்சக்கரத்தைத் தாங்கும் முறுக்குக் கம்பி குறுக்கே நிற்கும்.

சென்ற விடுமுறையில் எமது ஊர்ப் பெரியவர் ஒருவரின் வண்டியில் நாம் இவ்வேலையைத் தொட்டோம். பல்கலைக்கழக மாணவர் அன்றோ! 13 ஸ்பனரை மாட்டி, அதன் வாலில் குழாய் ஒன்றையும் கோத்துப் பலமாக இழுத்தோம். நட்டின் முனை மழுங்கியது; எமது விரல்களும் உரிந்தன. அப்போது அங்கு வந்த முதிய மெக்கானிக் எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. "தம்பி, முதலில் கண்ணால் பாரும், பிறகு கையை வையும்" என்று மட்டும் கூறினார்.

மண்ணெண்ணெயும் எண்ணெயும் கலந்து நட்டுக்கு விட்டு, இரவு முழுவதும் ஊறவிடச் சொன்னார். மறுநாள் பழைய அங்குல ஸ்பனர் ஒன்றின் காம்பை உலையிற் சிவக்கக் காய்ச்சி வளைத்தார். வாய்ப்பகுதி இளகாதிருக்க ஈரத் துணியைச் சுற்றினார். அதன் வெளிப்புறத்தையும் சாணையில் மெலிதாக்கினார். வண்டியை ஜாக்கில் மட்டும் விடாது மரக்கட்டைகள் மீது இருத்திய பின்னரே எம்மைக் கீழே படுக்க விட்டார். முறுக்குக் கம்பியையும் முறைப்படி தளர்த்திக் கீழிறக்கி, போல்ட்டுக்களைக் கழற்றினோம்.

பூட்டும்போது, விரல் செல்லாத இடத்துக்கு நட்டைக் கொண்டுசெல்ல ஸ்பனரின் வாயில் சிறிது கிறீஸ் பூசி ஒட்டவைத்தார். போல்ட்டுக்களையோ மறுபுறமிருந்து செருகினார். காரணம் கேட்டோம். "அடுத்த முறை கழற்றுகிறவன் கம்பியோடு மல்லுக்கட்டத் தேவையில்லை" என்றார்.

இளைஞர்களே, அவ்வளைந்த ஸ்பனரிலும் அந்தத் திருப்பிச் செருகிய போல்ட்டே எமக்குப் பெரும் பாடமாயிற்று. முடங்கிய வேலையை முடிப்பது சாமர்த்தியம். பின்வருபவனின் வேலையை இலகுவாக்குவது தருமம். தடைக்காலத்தில் இக்கைகள் எமது ஊரைத் தாங்கின. அக்கைகள் தளர்வதற்குள், அவை அறிந்ததைக் கேட்டுப் பழகி எழுதிவைப்பது எமது கடமையாகும். வரும் ஆயுத பூசையில் அவ்வளைந்த ஸ்பனருக்குப் பொட்டிடும்போது, அதனை வளைத்தவரிடம் ஒரு மணி நேரமாவது அமர்ந்திருப்போமாக.