மாதவி பேசட்டும்!



பட்டாலும் கோபுரத்தாலும் பார்புகழும் காஞ்சியிலே கூடியிருக்கிறோம். கண்ணகியின் கதை அறியாதார் இங்கே யார்? சிலம்பேந்திய அந்தக் கையினை வணங்குகிறோம். வணங்குக! ஆனால், அதே காப்பியத்தின் ஓரத்திலே நிற்கிறாளே மாதவி, அவளிடம் ஒரு வார்த்தை கேட்டோமா?

கேட்டால் என்ன கூறுவாள்? “12 வயதிலே என்னை அரங்கேற்றினீர். 1008 கழஞ்சுப் பொன் பெறும் மாலையைத் தெருவிலே காட்டி, வாங்குவோர் வருக என்றீர். விலை வைத்தது ஊர், வாங்கியவர் கோவலர், பழி மட்டும் எனக்கா? கடற்கரையிலே அவர் பாடினார், அது கலை. நான் பாடினேன், அது களங்கமா?”

நியாயமான கேள்வி! இளங்கோ இதற்கு விடையும் வைத்தார். மாதவி விடுத்த இரண்டாம் ஓலையை வழியிலே படித்த கோவலன், பிழை அவளுடையதன்று, தன்னுடையதே என்று தெளிகிறான். தீர்ப்பு நூலுக்குள்ளேயே இருக்கிறது. படித்த பின்னும் ‘மயக்கிய மாதவி’ என்றது யார்? நாம்தான்!

கோவலன் மாண்டபின் அவள் துறவு பூண்டாள். மகள் மணிமேகலையை ஆடலரங்கிற்கு அனுப்ப மறுத்தாள். அம்மகளின் வாழ்வை 30 காதைகளிலே பாடினார் சாத்தனார். 28ஆம் காதையிலே அவள் வந்து சேரும் ஊர் எது? இதே காஞ்சி! மழை பொய்த்து மக்கள் வாடிய வேளையிலே, அமுதசுரபி ஏந்தி வந்து அனைவருக்கும் சோறிட்டாள். ஆடற்கணிகையின் மகள் கையால் உண்டு இந்த ஊர் உயிர் பிழைத்தது, தோழர்களே!

ஏட்டிலே மட்டுமா? நாட்டிலும் மாதவிகள் பேசினர். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், தேவதாசி முறையின் கொடுமையை அருகிருந்து கண்டவர், 1936இல் ‘தாசிகள் மோசவலை’ என்ற நாவலைத் தந்தார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்திலே போராடினார். 1947இல் சென்னை மாகாணத்திலே பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. ஓரத்திலே நின்றவர்கள் வாய் திறந்தனர். ஆண்டாண்டு கால வழக்கம் சட்டத்தின் முன் சாய்ந்தது.

இந்த ஊர்ப் பட்டைப் பாருங்கள். தறியிலே அமர்ந்தவரை அறிவோம். தார் சுற்றித் தந்த தாயை அறிவோமா? நம் கிளைக் கூட்டங்களைப் பாருங்கள். முன்வரிசையிலே நாம்; கடைசி வரிசையிலே சகோதரி. கண்ணகிக்குச் சிலை வைத்தோம், சரி. அந்தச் சகோதரிக்கு ஒலிபெருக்கியைத் தந்தோமா?

அடுத்த கூட்டத்திலே தாருங்கள். அவள் கூறுவது நமக்குக் கசக்கலாம். கசந்தாலும் கேளுங்கள்! பகுத்தறிவு பேசும் நமக்கு, அதுவே பரீட்சை!